செருப்பு வார் பட்ட இடம்

என்னைப் பெண் பார்க்க அனில்குமார் வீட்டார் வந்த அன்று, அம்மா என் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி என் கால்களை அவர்களுக்குக் காட்டினாள். ஊனம் எதுவும் இல்லை என்று காட்டுவதற்காக அல்ல. நிறத்துக்காக.

நான் மார்த்தாண்டத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டப் பழக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மூடிக் கிடக்கும் கூரை ஓட்டுக் கம்பெனிக்குப் பின்னால் ஒரு மைதானம் உண்டு. அங்கே பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, சோறு வடித்து இறக்கிவிட்டுத்தான் பெண்கள் வருவார்கள். அதனால் வெயில் உச்சிக்கு ஏறும் நேரம்தான் எங்கள் வகுப்பு. அவர்கள் ஓட்டுவார்கள், நான் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவேன். கையுறை போட்டால் வண்டி சாய்வது கைக்குத் தெரியாது. முகத்தைத் துணியால் மூடினால் நான் கத்துவது அவர்களுக்குக் கேட்காது. இரண்டும் இல்லாமல் ஆறு வருடம் ஓடினேன்.

பலன் நேரே தெரிந்தது. தரகர் ரசலையன் கொண்டுவந்த வரன்கள் எல்லாம் வடை தின்று, காப்பி குடித்து, அப்பாவின் வாழைக்குலைக் கடையை விசாரித்து, வீட்டுக்குப் போய் ஒரே பதிலைத்தான் அனுப்பினார்கள். “பெண்ணு கொள்ளாம், நல்ல பிள்ளதான். நிறம் கொஞ்சம் கம்மி.” முதலில் இரண்டு மூன்று முறை அழுதேன். அப்புறம் மழைக்காலத்தில் கரண்டு போவதுபோல் ஆகிவிட்டது. போனால் போனது, வரும்போது வரட்டும் என்று கையில் இருந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அனில்குமார் வேறு மாதிரி வரன். கத்தாரில் கட்டிட வேலைக்குச் சாரம் கட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. லீவில் வந்திருந்தான். வாசல்படி ஏறி வந்தபோதே அம்மா மூச்சை இழுத்துவிட்டது எனக்குக் கேட்டது. என்னைவிடக் கறுப்பாக இருந்தான். கறுப்பாக இருக்கும் ஆண் கறுப்பாக இருக்கும் பெண்ணை வேண்டாம் என்று சொல்ல மாட்டான் என்று அம்மா இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். எத்தனை பேர் சொல்லிவிட்டுப் போனாலும் அவளுக்கு அந்த நம்பிக்கை மட்டும் போவதில்லை.

அவனுடைய அம்மா தங்கபாய் உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

“எங்க பிள்ள இப்பம் பாக்க இப்பிடி இருக்கான்னு நெனைக்காதீங்க கேட்டியளா. கத்தர் வெயிலாக்கும். மக்கா, அந்த வாச்சக் கழட்டிக் காட்டு.”

“சும்மா இரிங்கம்மா,” என்றான்.

“காட்டு மக்கா. இவங்க எல்லாம் நம்ம ஆளுவதானே.”

அவன் வாட்ச்சைக் கழற்றி மணிக்கட்டைத் திருப்பினான். கறுத்த கையில் வாட்ச் கட்டிய இடம் மட்டும் வெளேர் என்று ஒரு பட்டையாக இருந்தது. அதுதான் அவன் அசல் நிறமாம். வந்திருந்தவர்களும் எங்கள் வீட்டாரும் எட்டிப் பார்த்தார்கள். ரசலையன் எழுந்து வந்தே பார்த்தார்.

“உழைச்சுக் கறுத்த பிள்ளைலா,” என்றார் அப்பா. “அது ஒரு ஐஸ்வரியம்தான்.”

“பின்ன? தங்கம்போல இருந்தவன். குடும்பத்துக்காவ வெயில்ல நின்னு இப்பிடி ஆயிட்டான்.” தங்கபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எல்லாரும் கொஞ்ச நேரம் அவனை மரியாதையாகப் பார்த்தார்கள். அப்புறம் எல்லார் பார்வையும் என் பக்கம் திரும்பியது.

அம்மா அந்த நேரத்தை வீணாக்கவில்லை. குனிந்து என் சேலையைத் தூக்கினாள்.

“இவளுக்கும் வெயில்ல நிக்குற சோலிதான் மைனி. மொகத்தப் பாத்துச் சொல்லிராதீங்க. இன்னா, செருப்பு வார் பட்ட இடத்தப் பாருங்க.”

தங்கபாய் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். என் இரண்டு பாதத்திலும், பெருவிரலில் தொடங்கி இரண்டு பக்கமாகப் பிரிந்து போகும் செருப்பு வாரின் தடம் இருந்தது. சுற்றிலும் கறுப்பு, நடுவில் வெளுப்பு. அவள் விரலால் தொட்டே பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது என்று சொல்லத்தான் ஆசை. அப்படி ஒன்றும் இல்லை. விரல் குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான்.

“கொள்ளாமே,” என்றாள். “இந்த நிறம் மேலுக்கு எல்லாம் வருமா?”

“வராம? மூணு மாசம் வெயிலு படாம இருந்தாப் போதும்.”

“அப்பம் இருக்கட்டும். பொம்பளப் பிள்ள என்னத்துக்கு வெயில்ல அலையணும்?”

அவனுக்கும் எனக்கும் ஒரே வெயில்தான். அவனுக்கு அது உழைத்த நிறம், எனக்கு அலைந்த நிறம். அந்த இடத்திலேயே இது எனக்குப் புரிந்தது. புரிந்தும் கோபம் வரவில்லை. காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

பேசி முடித்தார்கள். ஆவணியில் அவன் மறுபடி லீவில் வரும்போது கல்யாணம். அதுவரை நான் வேலையை விட்டு வீட்டுக்குள் இருக்க வேண்டும். கிளம்பும்போது அனில்குமார் கிணற்றடிப் பக்கம் வந்து தனியாக என்னிடம் கேட்டான்.

“சோலிய விடுறதுல ஒனக்கு வெசனம் உண்டுமா?”

இத்தனை வருடத்தில் என்னைப் பார்க்க வந்த ஒருவரும் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. கேட்டதற்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று. “இல்ல,” என்றேன். அது பொய் என்று அப்போது எனக்கே தெரியாது.

மைதானத்தில் சொல்லிவிட்டு வரப் போனேன். அன்று இருந்தது நூர்ஜஹான் பேகம் அக்கா மட்டும்தான். தேங்காப்பட்டணத்துக்காரி, ஐம்பதை ஒட்டிய வயது. மார்த்தாண்டத்தில் தங்கச்சி வீட்டுக்கு வந்துபோய்ப் பழகிக்கொண்டிருந்தாள். நேராக ஓட்டுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. வளைவு வந்தால் மட்டும் இரண்டு காலையும் தரையில் ஊன்றிவிடுவாள். எட்டு போடாமல் லைசென்ஸ் கிடைக்காது. வெயிலில் நின்று சலிக்கும்போதெல்லாம் அவள் ஒன்று சொல்வாள். “கோவளத்துல வெள்ளக்காரிமாரு இந்த நிறம் வேணும்னு மணல்ல மலந்து கெடக்காளுவ. நமக்கு ஓசியில கெடைக்குது, அனுபவி.”

நான் நின்றுவிடப் போகிறேன் என்றதும் வண்டியை ஸ்டாண்டு போட்டாள்.

“நீ போனா நான் ஆருகிட்ட விழுகது? விழுந்தா சிரிக்காமத் தூக்குறவ நீ ஒருத்திதான்.”

“வேற ஆளு வருவாங்க அக்கா.”

“வேற ஆளுன்னா ஆம்பள. பின்னால பிடிச்சிட்டு ஓடி வர ஒக்குமா? நான் தனியாவே உருட்டிட்டுக் கெடக்கேன். நீ வா, அப்பம் வளைக்கேன்.”

கல்யாணம் முடிந்தால் நான் எங்கே வரப்போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

வீட்டில் அம்மா முன்னறை ஜன்னலுக்கும் திரை தைத்துப் போட்டாள். துணி காயப்போட நான் முற்றத்துக்கு இறங்கக் கூடாது. காலையில் கடலை மாவும் தயிரும், சாயங்காலம் கற்றாழை. பூசிக்கொண்டு காயும்வரை பேசக் கூடாது, பேசினால் முகத்தில் சுருக்கம் விழுமாம். அப்படியே நாள் முழுக்கப் பேசாமல் இருக்கப் பழகிவிட்டேன். முதலில் எனக்குக் கால் நமநமத்தது. ஆறு வருடமாக ஓடிய கால் அல்லவா. கட்டிலில் உட்கார்ந்தபடியே குதிகால் தரையில் தட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுவிட்டது.

அப்பா கடையை அடைத்துவிட்டு வந்ததும் கிண்டல் பண்ணுவார். “குடோன்ல வெச்ச குலை எப்பிடி இருக்கு? நிறம் வந்தாச்சா?” வாழைத்தாரைப் புகைபோட்டு மூடி வைத்துப் பழுக்கவைப்பது அவர் தொழில். ஆரம்பத்தில் நானும் சிரித்தேன். பிறகு ஒரு நாள் அவர் கேட்டபோது நான் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. வெறுமனே பார்த்தேன்போல. அதோடு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

தங்கபாய் அடிக்கடி வீடியோ காலில் வருவாள். சாப்பிட்டியா, உறங்கினியா என்பதெல்லாம் அப்புறம். முதலில், “மக்களே, மொகத்த வெளிச்சத்துப் பக்கம் காட்டு.” நான் திரையைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டு காட்டுவேன். “வருது, வருது,” என்பாள். தோசை முறுகுகிறதா என்று அடுப்படியில் நின்று பார்ப்பவளின் குரல் அது.

அனில்குமார் வெள்ளிக்கிழமை கூப்பிடுவான். நல்லபடியாகத்தான் பேசுவான். கேம்பில் யார் சமைத்தார்கள், யார் ஊருக்குப் போகிறார்கள் என்று சொல்வான். நடுவே ஒரு நாள், சாரத்தின் உச்சியில் நின்று எடுத்த போட்டோவைப் பேஸ்புக்கில் போட்டிருந்தான். கறுப்புக் கண்ணாடி, மடித்துவிட்ட சட்டைக் கை, முன்னைவிடக் கறுத்த முகம். நன்றாகத்தான் இருந்தான். கீழே அவன் கூட்டுக்காரர்கள் “செம லுக்கு”, “ஹீரோ மாதிரி இருக்கியே மக்கா” என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். நான் அதைக் கட்டிலில் படுத்துக்கொண்டு, முகத்தில் காய்ந்த மாவோடு பார்த்தேன். ஒரு லைக் போட்டேன்.

வெளியே போக எனக்கு அனுமதி ஞாயிற்றுக்கிழமை சாமி கும்பிட நிழல் தாங்கலுக்கு மட்டும். அதுவும் பொழுது விடியும் முன், தலையில் துண்டு போட்டுக்கொண்டு. எங்கள் அய்யா வழியில் உள்ளே சாமி சிலை கிடையாது. பள்ளியறையில் ஒரு கண்ணாடி, இரண்டு பக்கமும் விளக்கு. கும்பிடுகிறவர்களுக்கு அதில் அவர்கள் முகம்தான் தெரியும். நெற்றியில் நாமம் வாங்கிக்கொண்டு நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் ஒருத்தி நின்றாள். வெயிலே படாத முகம், உப்பிய கன்னம். நான் அவளைக் கும்பிட்டேன், அவள் என்னைக் கும்பிட்டாள். இரண்டு பேருக்கும் ஒருவரிடம் ஒருவர் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை, குளிக்கும்போது காலைத் தேய்க்கக் குனிந்தேன். செருப்புத் தடத்தைக் காணவில்லை. இரண்டு பாதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பெருவிரல் பக்கமாவது கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன். கால் முழுக்க ஒரே நிறமாகிவிட்டிருந்தது. ஓடிய கால் என்பதற்கு அதில் ஓர் அடையாளமும் இல்லை. எதையோ பஸ்ஸில் தவறவிட்டது மாதிரி இருந்தது. அது என்னவென்று யோசிப்பதற்குள், “ஏட்டி, எவ்வளவு நேரம்?” என்று அம்மா கதவைத் தட்டினாள்.

அம்மாவிடம் காட்டினேன். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். உடனே தங்கபாய்க்குப் போன் போனது. “வந்தாச்சு மைனி. முழுசும் வந்தாச்சு. சேலை நிறம் பாக்க வாருங்க.”

மறுநாளே தங்கபாய் ரசலையனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கல்யாணச் சேலை எந்த நிறத்தில் எடுப்பது என்று ஒத்துப்பார்க்க ஜவுளிக்கடையில் துண்டுத் துணிகள் வாங்கி வந்திருந்தாள். என்னை ஜன்னலோரம் நிற்கவைத்து, திரையை முழுதாக விலக்கச் சொன்னாள். ராத்திரி முழுக்கப் பெய்த மழை விட்டு வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. சந்தன நிறத் துணியை என் கையில் வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். முகத்தைப் பார்த்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் காலைப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

அம்மாவுக்குப் புரியவில்லை. “என்ன மைனி?”

“அன்னைக்கு வார் பட்ட இடம் நல்ல வெளுப்புல்லா இருந்திச்சு?”

“அந்த நிறம்தான் மைனி இது. எல்லா இடமும் அந்த நிறம் ஆயிட்டுல்லா, அதுதான் தடம் தெரியல்ல.”

“எனக்குக் கண்ணு உண்டு. அது வேற நிறம், இது வேற நிறம்.”

அது வேறு நிறமே இல்லை. அன்று சுற்றிலும் கறுப்பாக இருந்ததால் நடுவில் இருந்தது வெளுப்பாகத் தெரிந்தது. பக்கத்தில் கறுப்பு இல்லாமல் போனதும் அது தன் அளவுக்கு வந்துவிட்டது. அம்மாவின் கை நிறம்தான், அப்பாவின் முதுகு நிறம்தான். சும்மா மாநிறம். இத்தனை மாவும் தயிரும் பூசி, வாய்மூடி, கதவடைத்துக் காத்திருந்தது இதற்குத்தான். இரண்டு வீட்டாரும் ஒரு செருப்புத் தடத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டார்கள். என்னை நினைத்து அல்ல, எங்கள் எல்லாரையும் நினைத்துச் சிரிப்பு வரும்போல் இருந்தது. வரவில்லை.

“இவ பொறத்த எறங்கியிருக்கா,” என்றாள் தங்கபாய்.

“அய்யாவாண எறங்கல்ல மைனி! துணி காயப்போடக்கூட விடல்ல.”

“அப்பம் மூணு மாசம் போதாது. இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டும். கல்யாணத்தத் தை மாசத்துக்குத் தள்ளுவோம். அவனுக்க லீவ நான் மாத்தச் சொல்லுகேன்.”

ரசலையன் தலையாட்டினார். நான் அம்மாவைப் பார்த்தேன். இப்போதாவது ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அம்மா ஜன்னல் திரையை மறுபடி இழுத்து மூடினாள்.

“செரி மைனி,” என்றாள்.

என் சம்மதம் ஒன்று மிச்சம் இருப்பது தங்கபாய்க்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மகனுக்கு வீடியோ கால் போட்டு, விஷயத்தைச் சொல்லி, போனை என் கையில் தந்தாள். அனில்குமார் மஞ்சள் ஹெல்மெட்டோடு ஏதோ சுவரின் நிழலில் உட்கார்ந்திருந்தான். முகம் முழுக்க வியர்வை. சோலியை விடுவதில் வெசனம் உண்டா என்று கேட்டவன். இந்த முறையும் ஏதாவது கேட்பான் என்று காத்திருந்தேன்.

“அம்மை சொல்லுகதக் கேளு சபிதா. கொஞ்ச நாளுதானே. வீட்டுக்குள்ள நெழல்ல இரிக்கதுக்கு என்ன பாடு? நான் இங்க வெயில்ல கெடந்து சாவல்லியா?”

“வாச்சக் கழட்டுங்க,” என்றேன்.

“என்னது?”

“கழட்டிக் காட்டுங்க. அன்னைக்குக் காட்டினியல்லா.”

சிரித்துக்கொண்டே கழற்றினான். அந்த வெள்ளைப் பட்டை அப்படியே இருந்தது. இத்தனை மாதத்தில் அதை யாரும் அவன் மேலெல்லாம் வரச் சொல்லவில்லை.

“எனக்கு வெளுக்குறதுக்கு உள்ளது எல்லாம் வெளுத்தாச்சு. இனி வெளுக்க ஒண்ணும் இல்ல. இதுக்கு மேல வேணும்னா, அந்த வாச்சுக்குக் கீழ வெளுத்தவ ஒருத்தி இருக்காள்லா, அவளக் கெட்டிக்கிடுங்க.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. போனைத் தங்கபாயின் மடியில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். என் செருப்பு கதவுக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தது. அதைத் தட்டிப் போட்டுக்கொண்டேன். என் ஸ்கூட்டரை எடுக்கும்போது, “ஏட்டி, வெயிலு!” என்று அம்மா உள்ளிருந்து கத்தினாள். அத்தனை பேச்சுக்கும் பிறகு அவளுக்கு வாயில் வந்தது அதுதான். அப்பா கடைக்குக் கிளம்பியவர் முற்றத்தில் நின்றார். கேட்டைத் திறந்துவிட்டார்.

மைதானம் மழையில் நனைந்து வெயிலில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நூர்ஜஹான் அக்கா சொன்னபடியே தனியாக வண்டியை உருட்டிக்கொண்டிருந்தாள். நேராக வந்தாள், வளைவில் இரண்டு காலையும் ஊன்றினாள், நின்றாள். என்னைப் பார்த்துவிட்டு வண்டியை அங்கேயே விட்டு ஓடி வந்தாள்.

பக்கத்தில் வந்ததும் அவள் முகம் மாறியது. என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினாள். கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

“ஏட்டி, என்ன இப்பிடி வெளுத்துப் போயிருக்க? தீனம் வல்லதும் உண்டுமா? ஆஸ்பத்திரிக்குப் போனியா?”

யாரோ சாவி போட்டுத் திறந்ததுபோல் எனக்கு அழுகை வந்தது. இத்தனை மாதம் வராதது எல்லாம் வந்தது. என் நிறத்தைப் பார்த்து எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். முழங்கையில் வெயில் சுரீர் என்று எரிந்தது. எரிகிறது என்பது தெரிந்தது.

“ஆமாக்கா,” என்றேன். “கொஞ்ச நாளா தீனம்தான்.”

“இப்பம் எப்பிடி இருக்கு?”

“இப்பம் சாரமில்ல, கொறஞ்சிட்டு. ஏறுங்க.”

பைக்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன், அவள் போய் வண்டியில் ஏறினாள். நான் பின்கம்பியைப் பிடித்தேன். சூடாக இருந்தது. வளைவு வந்ததும் அவள் கால் வழக்கம்போல் தரையைத் தேடியது.

“கால மேல வைங்கக்கா,” என்று கத்தினேன். “நான் பிடிச்சிருக்கேன்.”